வேலி மீண்டும் பூக்கட்டும்

வன்னியில் வீடுகள் எழுந்துவிட்டன. வீடுகளைச் சூழ்ந்து நின்ற பூக்களும் அவற்றை நாடிவந்த சிற்றுயிர்களும் முழுமையாகத் திரும்பவில்லை. இம்மண்ணுக்கே உரிய செடிகொடிகளைக் கொண்டு, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இடந்தரும் தோட்டமொன்றை ஒவ்வொரு வளவிலும் அமைக்கும் வழியை விளக்குகிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் ஓய்ந்து, முகாம்களிலிருந்து வன்னிப் பெருநிலப்பரப்புக்குத் திரும்பிய ஜனங்கள், கூரையிழந்த சுவர்களுக்கும் தலையிழந்த தென்னைகளுக்கும் நடுவே நின்று எதை முதலில் மீட்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தபோது, வீட்டையும் கிணற்றையும் பாதையையும் பாடசாலையையும் முன்வைத்தது இயல்பே. இந்திய அரசின் நிதியுதவியுடன் இலங்கையில் 50,000 வீடுகளைக் கட்டுவதற்கென வகுக்கப்பட்ட திட்டத்தின் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் நிறைவேறியது, 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது, குளக்கட்டுகள் திருத்தப்பட்டன, கைவிடப்பட்ட வயல்களில் காலபோகம் மீண்டும் பச்சை பிடித்தது. இவையெல்லாம் எண்ணியும் அளந்தும் காட்டக்கூடிய காரியங்கள். ஆகையால் அறிக்கைகளில் இடம்பெற்றன.

எந்த அறிக்கையிலும் இடம்பெறாத இழப்பு ஒன்று உண்டு. வளவின் நான்கு புறமும் கதியாலாக நின்று துளிர்த்த பூவரசும் கிளுவையும் முள்முருக்கும், அவற்றினிடையே அடர்ந்த ஆடாதோடையும் நொச்சியும், அவற்றின்மேற் படர்ந்த முசுட்டையும் கோவையும், அடியில் தானாக முளைத்த தும்பையும் நாயுருவியும் ஒன்றுசேர்ந்த உயிர்வேலியே அது. எல்லை காட்டுவதற்காக நடப்பட்ட அந்த வேலி, ஆட்டுக்குக் குழையாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் குடிசனத்துக்கு மருந்தாகவும் கறியிலையாகவும் பயன்பட்டதோடு, எவரும் கேளாமலே ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஏதோவொரு பூவைத் தந்து, எண்ணற்ற ஜீவராசிகளைப் போஷித்தும் வந்தது. இடப்பெயர்வில் பராமரிப்பாரின்றி அது பட்டுப்போயிற்று. பதுங்குகுழிக்கென மரங்கள் தறிக்கப்பட்டன. மிதிவெடி அகற்றுவோர் மண்ணைச் சோதிக்குமுன் பற்றைகளை வெட்டியகற்ற வேண்டியிருந்தது. திரும்பிவந்தோர் காடுமண்டிக் கிடந்த வளவை டோசர் கொண்டு ஒரே நாளில் வெளியாக்கினர். பின்னர் எழுந்தவை முட்கம்பியும் சீமெந்துக் கல் மதிலும்.

இவற்றுள் எதையும் எவர்மீதும் குற்றமாகச் சுமத்துவதற்கில்லை. உயிரைக் காத்துக்கொள்ளவும் இரவில் அச்சமின்றித் துயிலவும் மனிதர் செய்தவை அவை. ஆயினும் புனர்நிர்மாணம் என்பது சுவரோடு முடிந்துவிடுவதன்று என்பதையும், வளவின் ஓரங்களைச் சுதேசச் செடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும்வரை வீடு பாதியே கட்டப்பட்டதாகும் என்பதையும், அதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் ஏற்கெனவே உள்ளது என்பதையும் எடுத்துரைப்பது அவசியமாகிறது.

நெல்லுக்கு வேண்டாதது, பூசணிக்கு வேண்டியது

வன்னியின் சீவனம் நெல்லை நம்பியது. நெற்பூவோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் கருக்கொள்வது. அதற்குத் தேனீயும் வேண்டியதில்லை, வண்டும் வேண்டியதில்லை. உழுந்தும் பயறும் கச்சானும் பெரும்பாலும் அத்தகைய ஸ்வபாவம் உடையனவே. ஆகையினாற்றான், தலைமுறை தலைமுறையாகக் கமத்தையே தொழிலாகக் கொண்டவர்களுங்கூடப் பூச்சிகள் செய்யும் உபகாரத்தைத் தனியே எண்ணிப் பார்க்க நேரவில்லை. வயலைவிட்டு வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்த கணமே நிலைமை மாறிவிடுகிறது.

பூசணியிலும் பாகலிலும் புடோலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றிற் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பூச்சி வந்தேயாகவேண்டும். பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுவதால், அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ பலமுறை வந்து போகாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அரைகுறையாக மகரந்தம் சேர்ந்தால் காய் ஒருபுறம் சூம்பி வளரும். பிஞ்சு உதிர்வதைக் கண்டு நீர் போதவில்லையென்றோ பசளை போதவில்லையென்றோ எண்ணி அவற்றையே மேலும் மேலும் இடுபவர், தம் தோட்டத்துக்கு வரவேண்டிய தொழிலாளி வரவில்லை என்பதை உணர்வதில்லை.

கத்தரியின் சங்கதி இன்னும் விசேஷமானது. அதன் பூவின் நடுவில் மஞ்சளாகத் திரண்டு நிற்கும் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களிற்போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகவே மகரந்தம் வெளிவரும். கருவண்டும், வயிற்றிலே நீலப்பட்டைகள் கொண்ட ஒரு தனித்தேனீயும் அப்பூவைக் கால்களாற் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமலே தசைகளை அதிரச்செய்து, அந்த அதிர்வினால் மகரந்தத்தை உதிர்த்தெடுக்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளிக்கும் ஆவரசுக்கும் உதவுவது இதே வித்தைதான். ஆகவே, தேன்கூட்டுப் பெட்டியொன்றை வாங்கிவைத்துவிட்டால் எல்லாம் நிறைவேறிவிடும் என்று எண்ணுவது சரியன்று. பல்வகைப் பூச்சிகள் வாழும் இடமே கத்தரித் தோட்டத்துக்கு அரண்.

மாம்பூவுக்கு ஈக்கள் பெரிதும் உதவுகின்றன. பப்பாசியின் நறுமணத்தை நாடி அந்தியில் விட்டில்கள் வருகின்றன. இலுப்பையின் சதைப்பற்றுள்ள பூவை இரவில் வௌவால் நாடுகிறது. முள்முருக்கின் செம்பூவைத் தேன்சிட்டு நாடுகிறது. ஆலுக்கும் அரசுக்கும் இத்திக்கும் தத்தமக்கென வாய்த்த நுண்ணிய குளவிகள் இல்லாவிடில் ஒரு விதைகூட உண்டாகாது. உயிர்ப்பல்வகைமை குறித்து அரசாங்கங்களுக்கிடையே அமைந்த சர்வதேச அறிவியல் மன்றம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், உலகின் முதன்மையான உணவுப் பயிர்வகைகளில் நூற்றுக்கு 75க்கு மேற்பட்டவை விளைச்சலுக்கோ தரத்துக்கோ ஓரளவாயினும் பிராணிகளின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளன என்று கூறப்பட்டது. வயிற்றை நிரப்புவது நெல்லானாலும், உணவுக்குச் சத்தும் சுவையும் சேர்க்கும் காயும் கனியும் எண்ணெய்வித்தும் இச்சிற்றுயிர்களின் உழைப்பிலேயே பெருமளவு தங்கியுள்ளன.

வன்னியின் தேனினங்கள்

1679ஆம் ஆண்டு கண்டிச் சிறையிருப்பிலிருந்து தப்பி, அனுராதபுரத்தைக் கடந்து, அருவி ஆற்றின் கரையோரமாக அடர்காட்டினூடே நடந்து அரிப்புக் கோட்டையை அடைந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே இத்தீவின் தேனினங்கள் மூன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்: மரப்பொந்தில் வாழ்வது ஒன்று, உயர்ந்த கிளைகளில் வெளிப்படையாக அடைகட்டும் பெரியது ஒன்று, மிகச் சிறியது ஒன்று. இன்றும் வன்னிக்காட்டில் அவற்றைக் காணலாம். பொந்துத்தேனீயும் பெருந்தேனீயும் கொசுத்தேனீயும் அவையே. இவற்றோடு, பற்றைக் கொம்பிலே உள்ளங்கையளவு அடைகட்டும் கொம்புத்தேனீயையும் சேர்த்தால் தேன்தரும் இனங்கள் நான்காகும்.

கொம்புத்தேனீ விஞ்ஞான சரித்திரத்திலும் இடம்பெற்றது. தேனீயின் நடனம் பூவிருக்கும் திசையையும் தூரத்தையும் தன் கூட்டத்துக்கு அறிவிக்கும் மொழி என்பதைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் ஃபிறிஷ் என்பவரின் மாணாக்கர் மார்ட்டின் லிண்டவர், அந்த மொழியின் தொன்மையான வடிவத்தைத் தேடி 1950களின் நடுப்பகுதியில் ஜேர்மனியிலிருந்து இலங்கைக்கு வந்து, பேராதனையில் ஆராய்ச்சி நடத்தினார். இருண்ட பொந்துக்குள் வாழும் தேனீ செங்குத்தான அடையின்மேல் ஆடி, சூரியன் இருக்கும் திசையை மேல்நோக்கிய திசையாக மாற்றிக் காட்டுகிறது. வெளியிலே வாழும் கொம்புத்தேனீயோ தன் அடையின் மேற்புறத்திலுள்ள தட்டையான பரப்பில், வானத்தைப் பார்த்தபடி, பூவிருக்கும் திசையை நேராகவே சுட்டி ஆடுகிறது. வேலிப்பற்றையில் ஒரு கொம்புத்தேன் கூட்டைக் காணும் சிறுவனுக்கு இதை எடுத்துச் சொன்னால், அவன் கல்லெறியும் கையைத் தாழ்த்திக்கொள்வான் என்பது நமது திடமான நம்பிக்கை.

இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட தேனீ இனங்கள் ஏறக்குறைய 150 ஆகும். அவற்றுள் மிகப்பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. அரசியும் தொழிலாளரும் தேன்களஞ்சியமும் இல்லாதவை. தனித்தனியே வளையமைத்துத் தம் சந்ததியைத் தாமே பேணுபவை. கருவண்டு உலர்ந்த மரத்தைக் குடைந்து முட்டையிடும். நீலப்பட்டைத் தேனீ மண்தரையிலும் மண்சுவரிலும் வளை தோண்டும். இலைவெட்டித் தேனீ பூவரசின் இலையையோ ரோசாவின் இலையையோ வட்டமாகக் கத்தரித்துச் சென்று, குழல்போன்ற துவாரத்துள் அதனைச் சுருட்டி அறையமைக்கும். இவற்றிடமிருந்து தேன் கிடைக்காது என்பதனால் நாம் இவற்றுக்குப் பெயர்கூட வைத்தோமில்லை. ஆனால் மண்சுவர் சீமெந்தாகியதும், உலர்ந்த கொம்பெல்லாம் அடுப்புக்குப் போனதும், முற்றமெங்கும் கொங்கிறீற் பரவியதும் முதலில் வீடிழந்தவை இவைதாம்.

இலை தின்னும் புழுவுக்கும் ஓர் இடம்

தேன் நிறைந்த பூக்களை நட்டுவிட்டால் வண்ணத்துப்பூச்சி வரும், ஆனால் தங்காது. முட்டையிட்டுப் புழுவளர்க்க அதற்குரிய செடியை வைக்காமல் பூவை மாத்திரம் வைப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டுப் படலையைச் சாத்துவது போன்றது. இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளை ஆயுட்காலப் பணியாக ஆராய்ந்த வன் டெர் பூர்ட்டன் தம்பதியர் 2016இல் வெளியிட்ட பெருநூல் இத்தீவில் வாழும் 240க்கு மேற்பட்ட இனங்களை விவரிக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தத்தமக்குரிய சில செடிகளில் மாத்திரமே முட்டையிடுகின்றன. அச்செடிகளை அறிவதே வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தின் அரிச்சுவடி.

எருக்கலையில் முட்டையிடுவது செம்மஞ்சள் நிறமும் கரிய சிறகு நுனியும் உடைய ஒரு வண்ணத்துப்பூச்சி. எருக்கலைப் பாலிலுள்ள நஞ்சு புழுவின் உடலில் ஏறி, அதனைத் தின்னவரும் பறவையை விரட்டுகிறது. கொன்றையிலும் தகரையிலும் வளர்பவை, கூட்டங்கூட்டமாக ஒரே திசை நோக்கிப் பறந்து செல்லும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். எலுமிச்சையும் தோடையும் கறிவேப்பிலையும் வேறு சிலவற்றுக்குத் தாய்ச்செடிகள். ஆடுதின்னாப்பாளையில் வளர்வது கருஞ்சிறகில் வெண்கோடும் செம்புள்ளியும் தாங்கிய, செவ்வுடல் படைத்த ஒரு பேரழகி. அச்செடியின் நஞ்சினால் அதனையும் பறவைகள் தீண்டுவதில்லை. இந்தப் பாதுகாப்பைக் கண்டு, கறிவேப்பிலையில் வளர்ந்த நஞ்சற்ற வேறோரினத்தின் பெண்பூச்சிகளிற் சில அதன் வேடத்தையே பூண்டு தப்பிப் பிழைக்கின்றன. ஆண்பூச்சியோ தன் சொந்தக் கறுப்புவெள்ளைக் கோலத்திலேயே பறக்கிறது. 1865இல் அல்பிரட் ரசல் வாலஸ் ஆராய்ந்தெழுதிய இந்த அதிசயத்தைக் காண வன்னியிலே காட்டுக்குட் போகவேண்டியதில்லை. கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலையும் வேலியோரத்தில் ஓர் ஆடுதின்னாப்பாளையும் நின்றாற் போதும்.

கறிவேப்பிலையின் நாலு கொழுந்தைப் புழு தின்றுவிட்டதென்று மருந்தடிப்பதற்கு முன், அந்தப் புழுவே நாளைக்குச் சிறகு முளைத்துப் பூக்களிடையே மகரந்தம் சுமக்கப்போகிறது என்பதை நினைக்கவேண்டும். இலை மீண்டும் துளிர்க்கும். புழு மீண்டும் பிறப்பது அவ்வளவு எளிதன்று.

தம்புள்ளையிற் கற்ற பாடம்

வன்னியைப் போலவே வடகீழ்ப் பருவக்காற்றின் மழையை நம்பி, ஆண்டில் நான்கைந்து மாதம் வறட்சியில் வாடும் உலர்வலயத்தைச் சேர்ந்தது தம்புள்ளை. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அங்கும் உரிய மரங்கள். தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர், 1963ஆம் ஆண்டளவில் அங்கே சேனைப்பயிர் செய்து கைவிடப்பட்ட பற்றைநிலத்தில் குடியேறி, அதனை மீண்டும் வனமாக்கும் பணியைத் தொடங்கினார். நாற்றுமேடையில் வளர்த்த கன்றுகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார். அவை பெருமளவில் மடிந்தன. ஆனால் எவரும் நடாத கன்றுகள் பற்றைகளின் கீழே, முட்கொடிகளாலும் அந்நியக் களைகளாலும் அமுக்கப்பட்டு, உயிரோடு காத்திருந்தமையை அவர் கவனித்தார்.

அன்றுமுதல் அவர் நடுவதைக் குறைத்து, விடுவிப்பதைத் தொழிலாகக் கொண்டார். களையையும் கொடியையும் பார்த்துப் பார்த்து வெட்டி, இயற்கையாக முளைத்த சுதேசக் கன்றுகளுக்கு ஒளியும் இடமும் கொடுத்தபோது, அவை நீரூற்றுவாரின்றியே வளர்ந்து வனமாயின. வேர் அந்த மண்ணிலேயே தொடக்கத்திலிருந்து ஆழ இறங்கியிருந்ததே அதற்குக் காரணம். 1989இல் அந்நிலம் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பொப்பம் மரச்சோலை என்ற பெயரில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் கிடைப்பதரிது. ஆண்டுக்கணக்காக எவரும் கால்வைக்காத காணிகளில் முளைத்து நிற்பதெல்லாம் வெறும் பற்றையன்று. அதனுள்ளே பறவை எச்சத்தில் வந்த வீரையும், பழந்தின்னி வௌவால் எறிந்த நாவலும், காற்றிற் பறந்துவந்த முதிரையும் இருக்கக்கூடும். டோசரை அழைப்பதற்கு முன் ஒருமுறை, கிராமத்திலே மரமறிந்த முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு காணியைச் சுற்றிவந்து, காக்கவேண்டிய கன்றுகளுக்குப் பழந்துணி கட்டி அடையாளமிட்டு, மிகுதியைக் கத்தியால் வெட்டியகற்றுவது சில நாட்கள் கூடுதலாகப் பிடிக்கும் வேலையேயாயினும், பல்லாண்டு வளர்ச்சியை இலவசமாகத் தருவது. மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி வழங்கப்பட்ட காணிக்கே இது பொருந்தும் என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும்.

கதியாலில் தொடங்கும் தோட்டம்

சதுரமான அரை ஏக்கர் வளவொன்றின் நாற்புற எல்லையும் சேர்ந்து ஏறக்குறைய 590 அடி. ஒன்றரை அடிக்கு ஒரு கதியால் என்று கொண்டால் 400 கதியால் அளவில் நடலாம். வளவுக்குள் ஒரு சாண் நிலத்தையும் இழக்காமல், 400 பூமரங்களை நடுவதற்கு இடம் அங்கே சும்மா கிடக்கிறது. முட்கம்பி அடித்துவிட்டோமே என்று கவலைப்படவேண்டியதில்லை. கம்பியோரமாகவே கதியாலை நட்டால், கட்டை உக்கும் காலத்தில் மரமே கம்பியைத் தாங்கும். மதில் கட்டியவர்கள் அதன் உட்புறத்தே நொச்சியையும் ஆடாதோடையையும் நிரையாக வைக்கலாம்.

பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றில் மணிக்கட்டுத் தடிப்புள்ள முற்றிய கொம்புகளை ஆளுயரத்துக்கு வெட்டி, அடிப்புறத்தைச் சரிவாகச் சீவி, மேல்வெட்டில் சாணமோ களியோ அப்பி, ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்ததும் ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு மிதித்துவிடவேண்டும். மாரி முடிவதற்குள் வேர் பிடித்துவிட்டால், பின்வரும் கோடையையும் சோளகக் காற்றையும் அது தாங்கிக்கொள்ளும். ஒரே மரத்தை நிரையாக நடாமல் கலந்து நடுவதனால், ஒன்றுக்கு நோய் வந்தாலும் வேலி முழுதும் பட்டுப்போகாது. பூக்குங் காலமும் நீளும்.

விதைகளைப் பொறுத்தவரை, காலமறிந்து செய்வதே பாதி வெற்றி. வேம்பின் விதையும் இலுப்பையின் விதையும் நாவலின் விதையும் சில வாரங்களுக்குள் முளைக்குந் திறனை இழந்துவிடுவதால், பழம் உதிர்ந்த கையோடு சதையைக் கழுவி ஊன்றிவிடவேண்டும். கொன்றைக்கும் ஆவரசுக்கும் விதைத்தோல் வன்மையானது. கொதித்து இறக்கிய நீரில் ஓரிரவு ஊறவைத்தாலோ, சொரசொரப்பான கல்லில் தேய்த்தாலோ முளை எளிதாக வரும். பாலைக்கன்று மிக மெதுவாக வளர்வது. அதை நடுபவர் தம் பேரப்பிள்ளைகளை நினைத்து நடவேண்டும். விதைக்கும் கதியாலுக்கும் காப்புக்காட்டுக்குட் போகவேண்டிய அவசியமில்லை. அயலவர் வேலியும் கோயில் வளவும் தெருவோர மரங்களும் தாராளமாகத் தரும்.

தோட்டத்தின் உயிர்நாடி, பூ இடையறாதிருத்தல். தை கழிந்ததும் முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்பூத் தரிக்கும். மாசி பங்குனியில் இலுப்பை மலரும். பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கும் பூத்துச் சொரியும். சித்திரை வைகாசியில் கொன்றை பொன்னாய்த் தொங்கும். ஆனி தொடங்கி ஆவணி வரையிலான வறண்ட காலமே தேனீக்குப் பஞ்சகாலம்; அப்போது கைகொடுப்பவை வறட்சிக்கு அஞ்சாத ஆவரசும் எருக்கலையும், ஆண்டு முழுவதும் பாளை வெடிக்கும் தென்னையும், சிறுபோகத்தில் விதைத்த எள்ளுமே. ஐப்பசி மழையோடு தும்பை துளிர்த்து, கார்த்திகைப் பூ வேலியிலே சுடர்விடும். அதன் கிழங்கு கொடிய நஞ்சாகையால், குழந்தைகள் தோண்டி விளையாடாத இடமாகப் பார்த்து அதனை வளர்க்கவேண்டும்.

இவற்றோடு வீடற்ற தேனீக்கு வீடும் வேண்டும். வளவின் கோடியில், கிணற்றடிக்கும் ஒழுங்கைக்கும் விலகி, ஒரு மூலையைக் கூட்டாமலும் கொத்தாமலும் விட்டுவிடலாம். உலர்ந்த முருங்கைக் கட்டை ஒன்றும், துவாரமுள்ள மூங்கிற் துண்டுகளும், வெய்யில் படும் வெறுமண் திட்டொன்றும் அங்கே இருந்தாற் போதும். முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் நம்மவர் வழக்கம் பாம்புக்கு அஞ்சி ஏற்பட்ட விவேகமான வழக்கம். புடையன் நடமாடும் பிரதேசத்தில் அதனைக் கைவிடச் சொல்வதற்கில்லை. நடக்கும் இடத்தைத் துப்புரவாகவும், நடவாத மூலையைச் சுதந்திரமாகவும் வைத்திருப்பதே முறை. கோடையில் மண்சட்டியொன்றில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை மூழ்காத அளவுக்கு நீர் விட்டால் தேனீ கல்லிலிருந்து குடிக்கும்; நுளம்பு பெருகாதிருக்க, இரண்டு நாளைக்கொருமுறை அந்நீரை மாற்றவேண்டும்.

களையும் நஞ்சும்

நடுவதைப்போலவே அகற்றுவதும் தோட்டத்தொழில். பார்த்தீனியம் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்டது 1999ஆம் ஆண்டு வவுனியாவிலேதான். மனிதருக்குத் தோலழற்சியையும் சுவாச உபாதையையும் உண்டாக்கி, ஒரு செடியிலேயே பல்லாயிரம் விதைகளைச் சொரிந்து, சுற்றுப்புறச் செடிகளை முளைக்கவிடாமல் தடுக்கும் அந்தச் செடியை, வெண்பூ விரியுமுன்னரே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கி அழித்துவிடவேண்டும். 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவிய உண்ணிச்செடியின் விஷயம் சற்றே சிக்கலானது. வண்ணத்துப்பூச்சிகள் அதன் தேனை விரும்பி உண்பது உண்மையே, ஆனால் அது அடர்ந்த இடத்தில் அவற்றின் புழுவுக்கு உணவாகும் சுதேசச் செடி முளைக்க இடமிராது. ஆவரசும் தும்பையும் நொச்சியும் பூக்கத் தொடங்கிய பின்னர் உண்ணியைச் சிறிதுசிறிதாக வெட்டியகற்றினால், தேனுக்கு ஒருநாளும் பஞ்சம் வராது.

கிருமிநாசினி அடிப்பவர் மூன்று விதிகளையாவது கைக்கொள்ளவேண்டும்: பூத்திருக்கும் பயிரில் இயன்றவரை அடிக்கலாகாது, அடித்தே தீரவேண்டுமாயின் தேனீ கூடடைந்த மாலையில் அடிக்கவேண்டும், காற்று வேலிப்பக்கம் வீசும்போது அடிக்கலாகாது. வேலியடியைத் துப்புரவாக்கக் களைநாசினி தெளிக்கும் பழக்கமும் இப்போது பரவிவருகிறது. அரைமணி நேரக் கத்திவேலையை மிச்சம்பிடிப்பதற்காகத் தும்பையையும் முசுட்டையையும் ஆடுதின்னாப்பாளையையும் ஒருங்கே அழிப்பது எவ்வகையிலும் இலாபமன்று.

தேனெடுப்போரிடமும் ஒரு வேண்டுகோள். கொம்புத்தேன் அடையில் கொம்பைச் சுற்றித் தடித்திருக்கும் மேற்பகுதியிலேயே தேன் உள்ளது; கீழே தொங்குவது புழுவறை. தேன்பகுதியை மாத்திரம் அறுத்து, புழுவறையை அதே கொம்பிற் கட்டிவிட்டால் கூட்டம் பிழைப்பதற்கு வழியுண்டு. பெருந்தேன் கூட்டைத் தீப்பந்தத்தாற் கொளுத்துவதோ, அடுத்த ஆண்டின் தேனையும் இவ்வாண்டே எரித்துவிடுவதாகும். பொந்துத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க விரும்புவோருக்கு, பண்டாரவளை பிந்துனுவெவவில் இயங்கும் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு வழிகாட்டும்.

ஊர் கூடிச் செய்யவேண்டியவை

தேனீ வேலியை எல்லையாகக் கொள்வதில்லை. ஒரு வளவில் பூவிருந்து அடுத்த பத்து வளவும் வெறுமையாயின், அந்த ஒரு வளவு தீவாகத் தனித்துவிடும். ஆகவே கோயில் வளவும் பாடசாலை வளவும் குளக்கட்டின் அடியும் வாய்க்கால் ஓரமும் வீட்டு வேலிகளை இணைக்கும் பாலங்களாகவேண்டும். தமிழ்நாட்டுக் கோரமண்டல் கரையில், பாலையும் கருங்காலியும் கொண்ட, வன்னிக் காட்டுக்கு உறவான பசுங்காடு ஏறக்குறைய அழிந்துபோன நிலையில், 1968இல் நிறுவப்பட்ட ஓரோவில்லில் வெறுஞ்செம்மண்ணை மீண்டும் காடாக்க முனைந்தோருக்கு விதை கொடுத்தவை அப்பகுதிக் கிராமங்களின் கோயிற்காடுகளே. வற்றாப்பளையிலும் ஒட்டுசுட்டானிலும் முறிகண்டியிலும் நேர்த்திவைக்கும் அடியவர்கள் மரக்கன்றொன்றை நட்டு மூன்று கோடைக்கு நீரூற்றுவதையும் நேர்த்தியாகக் கொள்ளும் வழக்கம் ஏற்படுமாயின், அது நமது சமய வாழ்வுக்கு அந்நியமானதாக இராது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. 2021இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமும் கிடைத்தது. பாடசாலை மாணாக்கர் தத்தம் வேலியில் எந்த மாதம் எந்தப் பூ மலர்ந்தது, எந்தப் பூச்சி வந்தது என்று எழுதிவைக்கும் குறிப்புகளை இக்கலாசாலைகள் திரட்டினால், வன்னியின் தேனீக்களைப் பற்றிய முதற்பதிவுகளிற் சில நம் பிள்ளைகளின் கையாலேயே எழுதப்படும்.

வீட்டுக்கு நிதி வேண்டியிருந்தது. வீதிக்கு ஒப்பந்தம் வேண்டியிருந்தது. குளத்துக்கு இயந்திரம் வேண்டியிருந்தது. அவற்றுக்காக நாம் பிறர் கையை எதிர்பார்த்திருந்தோம், எதிர்பார்த்ததும் நியாயமே. உயிர்வேலிக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. கதியால் அயலவரிடம் உண்டு. விதை கோயில் வளவில் உண்டு. நடும் முறை நம் மூத்தோர் கையில் உண்டு. நீரை ஐப்பசி கொண்டுவரும். அந்த மூத்தோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டறிந்து, எதிர்வரும் மாரிக்கு முன் ஒவ்வொரு வளவின் ஒரு பக்கத்தையாவது கதியாலால் நிரப்பிவிடுவோமாயின், எவருடைய அனுமதியும் உதவியும் இன்றி நம் கையாலேயே நிறைவேற்றிய புனர்நிர்மாணம் என்று அதனைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்குக் கிடைக்கும்.